நட்ட கம்பம் போல் நிற்றல்
சீன நாட்டின் உடல்நலப் பயிற்சி ஒன்றைப் பற்றிய பாடம்

நாடா தேய்ந்தால் வேறு நாடா வாங்கலாம்; மண்வெட்டி மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். அவற்றை இயக்கும் உடல் பழுதுபட்டால் அதற்கு மாற்று எந்தக் கடையிலும் கிடையாது. உழைத்து உண்போர்க்கு உடலே முதல் மூலதனம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் சங்கத்தில் இட்ட பங்குத் தொகைக்குக் கணக்குக் கேட்கும் நாம், இந்த மூலதனம் நாள்தோறும் எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் பார்ப்பதில்லை.

இப்பாடத்தில் சீன நாட்டில் தோன்றிய ஒரு பயிற்சியைப் பற்றிப் படிப்போம். அதற்குச் செலவில்லை, கருவி வேண்டியதில்லை, ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். அசையாமல் நிற்பதே அப்பயிற்சி. கேட்பதற்கு எளிது, செய்து பார்ப்போர்க்கு அவ்வளவு எளிதன்று. அதன் வரலாறு, அது உடலில் செய்யும் வேலை, செய்யும் முறை, அதன் வரம்பு ஆகிய நான்கையும் வரிசையாகக் காண்போம். வரம்பைப் பற்றிய பகுதியை எவரும் விட்டுவிட்டுப் படிக்கலாகாது.

பெயரும் பொருளும்

சீன மொழியில் இப்பயிற்சிக்கு ஜான் ஜுவாங் என்று பெயர். ஜான் என்றால் நிற்றல். ஜுவாங் என்றால் மண்ணில் அடித்து இறக்கிய கம்பம். கட்டடம் அமிழாதிருக்க அடித்தளத்தில் இறக்கும் தூணையும் இச்சொல் குறிக்கும். ஆகவே நட்ட கம்பம் போல் நிற்றல் என்பது இப்பெயரின் பொருள். கம்பத்தின் உறுதி கண்ணுக்குத் தெரியும் மேற்பகுதியில் இல்லை. மண்ணுக்குள் இறங்கிய பகுதியிலேயே இருக்கிறது. பயிற்சியின் கருத்து முழுவதும் இப்பெயரில் அடங்கியுள்ளது.

சீன மருத்துவத்தின் மூல நூலாக மதிக்கப்படுவது, மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்கும் ஹுவாங்டி நெய்ஜிங். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்நூலில், தனித்து நின்று மனத்தைக் காத்த பண்டைக்காலச் சான்றோரைப் பற்றிய பேச்சு வருகிறது. நிற்றல் பயிற்சியாளர் தங்கள் கலையின் வேர் அங்கே இருப்பதாகக் கொள்வர். ஆனால் நெடுநேரம் அமர்ந்திருப்பது தசைக்குக் கேடு என்றும், நெடுநேரம் நிற்பது எலும்புக்குக் கேடு என்றும் கருதுவதும் அதே நூல்தான். நிற்பது கேடு என்றால் நின்றே நலம் பெறுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம். உடலைத் தேய்க்கும் நிற்றல் ஒன்று. உடலைத் தேற்றும் நிற்றல் மற்றொன்று. இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

போர்க்கலையிலிருந்து மருத்துவமனைக்கு

சீனப் போர்க்கலைப் பள்ளிகளில் நிற்றல் நெடுங்காலமாக ஒரு தொடக்கப் பாடமாக இருந்தது. குதிரைமேல் அமர்ந்தவர் போல் காலை அகற்றி, முழங்காலை மடக்கி நிற்கும் நிலையில் மாணவரை நெடுநேரம் நிறுத்தி வைப்பர். கால் உறுதிப்பட்ட பின்பே கை வீச்சைக் கற்பிப்பர்.

தொடக்கப் பாடமாக இருந்த இதனை முதன்மைப் பாடமாக ஆக்கியவர் வாங் சியாங்ஜாய் என்பவர். இவர் 1885ஆம் ஆண்டில் ஹெபெய் மாநிலத்து ஷென் மாவட்டத்தில் பிறந்தவர். சிங்-யீ என்னும் போர்க்கலையில் புகழ்பெற்ற குவோ யுன்ஷென் இவருடைய ஆசிரியர் என்பது மரபு. இளமையில் நலிந்த உடல் உடையவராக இருந்தமையால் இவரை அக்கலை பயில அனுப்பினர் என்றும் கூறுவர். பிற்காலத்தில் பல மாநிலங்களுக்கும் சென்று அங்கங்கே இருந்த ஆசிரியர்களைக் கண்டு பழகினார். மாணவர்கள் நீண்ட அசைவு வரிசைகளை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதிலேயே காலம் கழிக்கின்றனர் என்றும், அசைவுக்கு அடிப்படையான நிலை அவர்களிடம் இல்லை என்றும் இவர் கருதினார். எனவே 1920களில் அவ்வரிசைகளை நீக்கி, நிற்றலையே அடிப்படையாகக் கொண்ட ஒரு முறையைக் கற்பிக்கலானார். அதற்கு யீ சுவான் என்று பெயர். யீ என்றால் மனத்தின் எண்ணம். சுவான் என்றால் முட்டி, அதாவது போர்க்கலை.

சீனாவில் 1949ஆம் ஆண்டு ஆட்சி மாறிய பின்னர் வாங் சண்டைப் பயிற்சியை விடுத்து, நோயாளிகளுக்கும் முதியோர்க்கும் நிற்கக் கற்பிப்பதில் ஈடுபட்டார். பெய்ஜிங் நகரப் பூங்காவில் விடியற்காலையில் இவரைச் சூழ்ந்து பலர் அசையாது நிற்பது வழக்கமாயிற்று. இறுதி ஆண்டுகளில் மருத்துவ நிறுவனங்களிலும் கற்பித்த இவர் 1963இல் மறைந்தார்.

இவருடைய மாணவருள் ஒருவர் யூ யோங்நியான் என்னும் பல் மருத்துவர். இவர் 1944இல் வாங்கிடம் சேர்ந்தார். 1950களில் தாம் பணிபுரிந்த பெய்ஜிங் இரயில்வே மருத்துவமனையில் நோயாளிகளுக்கு இப்பயிற்சியை அளிக்கலானார். அதன் பயன்களை மருத்துவ நோக்கில் ஆராய்ந்து நூல்களும் எழுதினார். இவரிடம் பயின்ற லாம் காம் சுயென் இங்கிலாந்தில் குடியேறி, 1991இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் வாயிலாக மேலை நாடுகளில் பலர் இப்பயிற்சியை அறிந்தனர்.

இவ்வரலாற்றில் நாம் கருத்தில் கொள்ள வேண்டிய இருண்ட பகுதியும் உண்டு. 1966 முதல் 1976 வரை நிகழ்ந்த பண்பாட்டுப் புரட்சியின்போது இத்தகைய மரபுப் பயிற்சிகள் ஒடுக்கப்பட்டன. பின்னர் 1980களில் சி-குங் என்னும் பொதுப் பெயரில் அவை வெள்ளம்போல் பெருகின. பூங்காக்கள் நிறைந்தன. அவற்றோடு பொய்யும் நிறைந்தது. தொடாமலே நோய் தீர்ப்போம் என்றும், தொலைவிலிருந்தே ஆற்றலை அனுப்புவோம் என்றும் சொல்லிப் பணம் பெற்றவர் பலர். அவர்களை நம்பி மருத்துவத்தைக் கைவிட்டுத் துன்புற்றோரும் உண்டு. 1990களின் இறுதியில் சீன அரசு இவற்றின்மேல் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. 2003இல் அந்நாட்டின் விளையாட்டுத் துறை, ஆய்ந்து தேர்ந்த நான்கு பயிற்சித் தொகுதிகளை வெளியிட்டது. அவற்றுள் பா துவான் ஜின் என்னும் எட்டுப் பகுதிப் பயிற்சி, வயிற்றுக்கு முன்னே கைகளை வளைத்து நிற்கும் நிலையிலேயே தொடங்குகிறது. நாம் கீழே காணப்போகும் நிலைக்கு அது நெருங்கிய உறவுடையது.

நிற்கும்போது உடலில் நிகழ்வது

அசையாமல் நிற்பதாக நாம் எண்ணும்போதும் உடல் சிறிதளவு ஆடிக்கொண்டே இருக்கிறது. முன்னே சாய்ந்தால் கெண்டைக்கால் தசை இழுத்துப் பிடிக்கிறது. பின்னே சாய்ந்தால் முன்கால் தசை பிடிக்கிறது. கண்ணும், உட்செவியும், பாதத்தின் தோலும், மூட்டுகளும் அனுப்பும் செய்திகளைக் கொண்டு மூளை இவ்வேலையை இடைவிடாது நடத்துகிறது. ஆகவே நிற்றல் என்பது ஓய்வன்று, ஓசையில்லாத வேலை.

முழங்காலை விறைத்து நிற்பவர் உடற்சுமையை மூட்டின்மேலும் தசைநார்களின்மேலும் ஏற்றிவிடுகிறார். தசை வேலை செய்வதில்லை. கால்களில் இறங்கிய குருதியை மேலே தள்ளுவதற்குக் கெண்டைக்கால் தசையின் அசைவு தேவை. அவ்வசைவு இல்லாதபோது குருதி காலிலேயே தேங்குகிறது. மூளைக்குச் செல்லும் அளவு குறைகிறது. அணிவகுப்பில் நெடுநேரம் விறைத்து நிற்கும் படைவீரர் சில வேளை மயங்கி விழுவது இதனால்தான். பல்லாண்டு இவ்வாறு நின்று தொழில் செய்வோர்க்குக் காலில் நரம்பு சுருண்டு புடைப்பதும் உண்டு. இதுவே உடலைத் தேய்க்கும் நிற்றல்.

முழங்காலைச் சிறிது தளர்த்தினால் நிலைமை மாறுகிறது. சுமை மூட்டைவிட்டுத் தொடைத் தசைக்கு வருகிறது. நீளாமலும் சுருங்காமலும் தசை பாரத்தைத் தாங்கும் இவ்வகை உழைப்பினால் தொடையும் இடுப்பும் வலுப்பெறுகின்றன. கால் இவ்வாறு வேலையை ஏற்றுக்கொள்ளவே, தோள், கழுத்து, தாடை ஆகியன தமக்குத் தேவையில்லாத இறுக்கத்தை விடக்கூடும். மூச்சும் தானே ஆழ்ந்து மெதுவாகிறது. கீழே உழைப்பு, மேலே தளர்வு என்னும் இப்பங்கீடே உடலைத் தேற்றும் நிற்றல்.

நிற்கும் முறை

காற்று கடுமையாக வீசாத, சமமான தரையைத் தேர்ந்துகொள்க. வெறுங்காலுடனோ தட்டையான செருப்புடனோ நிற்கலாம். உண்டவுடனும், பசி மிகுந்த வேளையிலும் செய்யலாகாது. இடுப்பு ஆடை இறுக்கமின்றி இருத்தல் வேண்டும்.

1. பாதங்கள்: தோளின் அகலத்துக்கு இடைவெளி விட்டு, இரு பாதங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்குமாறு நிற்க. சுமை குதிகாலிலோ விரலிலோ மட்டும் விழாமல் பாதம் முழுவதும் பரவுதல் வேண்டும்.

2. முழங்கால்: பூட்டைத் திறப்பது போல் சிறிதளவே தளர்த்துக. முழங்கால் விரல் நுனியைக் கடந்து முன்னே செல்லலாகாது. உட்புறம் சரியவும் கூடாது.

3. இடுப்பு: உயரமான முக்காலியில் அமரப் போகிறவர் போல் இடுப்பைச் சிறிது தாழ்த்துக. வயிற்றை முன்னே தள்ளாமலும் முதுகைக் கூன வளைக்காமலும் இருக்க.

4. தலை: உச்சியில் கட்டிய நூல் ஒன்று தலையை மேலே இழுத்துப் பிடித்திருப்பதாக எண்ணுக. முகவாய் சிறிது உட்புறம் வரட்டும். பார்வை நேரே இருக்கட்டும். தொடக்கத்தில் கண்ணை மூடாதிருப்பதே நன்று. கண்ணை மூடினால் சிலர்க்குத் தள்ளாட்டம் உண்டாகும்.

5. தோளும் கையும்: தோள்களைக் கீழே விடுக. கைகள் பக்கத்தில் தொங்கட்டும். அக்குளில் ஒரு முட்டை அடங்கும் அளவு இடைவெளி இருக்கட்டும்.

6. மூச்சு: மூக்கின் வழியே இயல்பாக விடுக. எண்ணிக்கை வேண்டாம், அடக்குதலும் வேண்டாம்.

இது முதல் நிலை. முதல் வாரத்தில் நாள்தோறும் ஐந்து நிமிடம் இந்நிலையில் நிற்றல் போதும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் இயன்றால் பத்து நிமிடமாக உயர்த்தலாம்.

மூன்று வாரம் சென்ற பின் இரண்டாம் நிலைக்குச் செல்லலாம். காலும் உடலும் முன்போலவே இருக்க, கைகளை மெதுவாக மார்பளவு உயர்த்தி, பெரிய மரம் ஒன்றை அணைத்திருப்பவர் போல் வளைத்துக்கொள்க. உள்ளங்கைகள் மார்பை நோக்கியிருக்கும். விரல்கள் சிறிது விரிந்து, இரு கை விரல்களும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். முழங்கை தோளைவிடச் சிறிது தாழ்ந்திருத்தல் வேண்டும். மார்புக்கும் கைக்கும் இடையே மெல்லிய காகிதப் பந்து ஒன்று இருப்பதாக எண்ணிக்கொள்வர். இறுக்கினால் பந்து நசுங்கும், விட்டால் விழும். இரண்டும் நேராமல் காத்து நிற்பதே பழக்கம். தொடக்கத்தில் இரண்டு நிமிடத்துக்கே தோள் வலிக்கும். வலித்தால் கையை வயிற்றளவுக்கு இறக்கிக்கொள்க. அதுவும் முறையான நிலையே. நன்கு பழகியோர் இருபது நிமிடமோ அதற்கு மேலோ நிற்பர். அது நமக்கு இலக்காக வேண்டியதில்லை.

முடிக்கும்போது கைகளை மெல்லத் தாழ்த்தி, உள்ளங்கைகளைக் கொப்பூழின்கீழ் வைத்துச் சில மூச்சு நிற்க. பின்னர் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக நடக்க. தேங்கிய குருதி மேலேற இந்நடை உதவும். இதனைத் தவிர்க்கலாகாது.

முதல் நாள்களில் தெரிவன

தொடை நடுங்குதல், உள்ளங்கையில் வெப்பம் தோன்றுதல், தோலில் நமைச்சல், கொட்டாவி, வேர்வை ஆகியன பலர்க்கும் நேர்வன. பழகாத தசை உழைப்பதும், உடல் தளர்வதும் இவற்றுக்குக் காரணம். இவற்றில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தலைசுற்றல், கண் இருளுதல், நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், மூச்சுத் திணறல், முழங்கால் மூட்டுக்குள் குத்துவலி ஆகியவை அவ்வாறல்ல. இவற்றுள் எது தோன்றினும் அக்கணமே நிறுத்தி அமர்தல் வேண்டும். நெஞ்சு வலியாயின் வீட்டிலேயே காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது இப்பயிற்சியில் வீரமாகக் கருதப்படுவதில்லை.

மனம் அலைவது இயல்பு. மூன்றாம் நிமிடத்தில் கடன் தவணை நினைவுக்கு வரும். நான்காம் நிமிடத்தில் பிள்ளையின் படிப்பு நினைவுக்கு வரும். அவற்றை விரட்ட முற்படாமல், பாதம் தரையைத் தொடும் உணர்வுக்குக் கருத்தைத் திருப்பினால் போதும்.

எவர் மருத்துவரைக் கேட்ட பின்பே செய்ய வேண்டும்

இதய நோய் உள்ளோர், குருதி அழுத்தம் மிகுந்தோர், கருவுற்ற தாய்மார், காலில் நரம்பு சுருண்டு புடைத்தோர், முழங்கால் மூட்டுத் தேய்ந்தோர், நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தோர், அடிக்கடி மயக்கம் வருவோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது. தசையை இறுக்கித் தாங்கும்போது, அந்நேரத்தில் குருதி அழுத்தம் உயரும் என்பதையும், மூச்சை அடக்கினால் மேலும் உயரும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். முதியோர் கைக்கெட்டும் தொலைவில் ஒரு நாற்காலியையோ சுவரையோ வைத்துக்கொண்டு நிற்பது நலம்.

எவ்வளவு நம்பலாம்?

தசையை அசைக்காமல் இறுக்கித் தாங்கும் பயிற்சிகளைப் பற்றி நல்ல ஆய்வுகள் உண்டு. 2023இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழ் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டது. அது பலவகை உடற்பயிற்சிகளைப் பற்றிய 270 ஆய்வுகளையும், அவற்றில் பங்கேற்ற 15,827 பேரையும் உள்ளடக்கியது. பல வாரம் தசையை இறுக்கித் தாங்கும் பயிற்சியை முறையாகச் செய்தோர்க்கு, ஓய்வு நேரத்துக் குருதி அழுத்தம் குறைந்தது என்று அது காட்டியது. ஆனால் அதில் ஆராயப்பட்ட இவ்வகைப் பயிற்சிகள் சுவரில் முதுகைச் சாய்த்து அமர்வது போல் நிற்றலும், கைப்பிடியை அழுத்துதலும் போன்றவை. அவை சீனத்து நிலைக்கு உறவு. ஆயினும் அதுவே அல்ல. அவ்வாறே தாய் சி என்னும் மெதுவான சீன அசைவுப் பயிற்சி, முதியோர் தடுக்கி விழுவதைக் குறைக்க உதவுகிறது என்பதற்கும் சான்று உண்டு. அசையாது நிற்றலை மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்த ஆய்வுகள் சிலவே. அவற்றில் பங்கேற்றோர் தொகையும் சிறிது.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க முடிவு யாது? கால் வலுப்பெறும், நிலைதடுமாற்றம் குறையும், தோளும் கழுத்தும் தளரும், மனம் அமைதி பெறும் என்று எதிர்பார்ப்பது நியாயம். நீரிழிவு தீரும், புற்றுநோய் கரையும், மாத்திரையை நிறுத்தலாம் என்று எவரேனும் சொன்னால் அதனை நம்பலாகாது. சீனாவில் 1980களில் இப்பயிற்சிகளுக்குக் கேடு விளைவித்தது பகைவர் தூற்றல் மட்டுமன்று; அன்பர்களின் மிகையான புகழ்ச்சியும் ஆகும். மருந்து மருந்தின் வேலையைச் செய்யட்டும்; நிற்றல் நிற்றலின் வேலையைச் செய்யட்டும்.

நம் தொழிலுக்கு ஏற்ப

குழித்தறியில் அமர்பவர் காலைக் குழியில் விட்டு, உடலை முன்னே சாய்த்து, கண்ணைப் பாவில் பதித்துப் பல மணி நேரம் இருக்கிறார். கால் மிதிக்கிறது, கை வீசுகிறது. இடுப்பும் கழுத்தும் ஒரே வளைவில் இறுகிவிடுகின்றன. இத்தகையோர் தறியிலிருந்து எழுந்து ஐந்து நிமிடம் முதல் நிலையில் நிற்றல் பொருத்தமானது. களை பறிப்போரும் நாற்று நடுவோரும் குனிந்தே இருப்பவர்கள். அவர்களும் வேலைக்கு முன்னோ பின்னோ நிழலில் நிற்கலாம். வெயிலில் நிற்பது தகாது.

ஆனால் சாயத் தொட்டி அருகிலும் விற்பனை நிலையத்திலும் நாள் முழுவதும் நிற்போர்க்கு மாலையில் தேவைப்படுவது மேலும் நிற்றல் அன்று. காலை உயர்த்தி வைத்துப் படுத்தலும், சிறிது நடத்தலுமே. அவர்கள் இப்பாடத்திலிருந்து கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வேலையில் நிற்கும்போது முழங்காலைப் பூட்டாதிருத்தலும், அவ்வப்போது குதிகாலை உயர்த்தி இறக்குதலும். அதுவே அவர்களுக்குப் பெரும்பயன் தரும்.

சிறுசேமிப்பில் தொகையைவிடத் தவறாமையே பெரிது என்பதைச் சங்கத்தில் கற்றிருக்கிறோம். ஒரு நாள் ஒரு மணி நேரம் நின்று, மறுநாள் கால் வீங்கி விட்டுவிடுவதைவிட, நாள்தோறும் ஐந்து நிமிடம் தவறாது நிற்பதே இங்கும் நன்மை தரும். ஒரு திங்கள் செய்து பார்த்து, ஏற்புடையதாயின் தொடர்வோம். ஏற்கவில்லையாயின் தயங்காது விட்டு, நடை முதலிய வேறு நல்ல பழக்கத்தை மேற்கொள்வோம்.

படிப்பு வட்டத்தில் கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. முழங்காலை விறைத்து நிற்பதற்கும் தளர்த்தி நிற்பதற்கும் உடலில் நிகழும் வேறுபாடு யாது?

2. வாங் சியாங்ஜாய் அசைவு வரிசைகளை நீக்கி நிற்றலை முதன்மையாக்கியது ஏன்?

3. பயிற்சியை முடித்தவுடன் சிறிது நடக்க வேண்டும் என்பதன் காரணம் என்ன?

4. பயிற்சியின்போது தோன்றும் எவ்வெக் குறிகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை? எவை தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும்?

5. நம் உறுப்பினர்களுள் எத்தொழில் செய்வோர்க்கு இப்பயிற்சி பொருந்தும்? எவர்க்குப் பொருந்தாது?